காந்தியை அழைத்து வந்த கமக்காரர்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில், "பெரியோரும் சரித்திரமும்" என்னும் பொருள்பற்றிச் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பெரியோரும் சரித்திரமும்" என்பது விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு. வீட்டிலிருந்து ஒரு சொற்பொழிவை எழுதிக்கொண்டுதான் புறப்பட்டேன். ஆனால், இவ்வாசிகசாலையின் படியேறும்போது முதியவர் ஒருவர் என் கையைப் பற்றி நிறுத்தினார். "தம்பி, எங்களுக்கென்று ஒரு காந்தி பிறந்து வராத வரைக்கும் எங்கடை காணி அலுவல் முடியாது" என்றார். அவருடைய 3 ஏக்கர் வயலுக்குள் எல்லைக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. நாட்டியவர் யார் என்பதை இம்மேடையில் கூற மாட்டேன். விடயம் விசாரணைக்கு வர இருக்கிறது. அந்த ஐயா இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். எழுதிக் கொண்டுவந்ததைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, அவருடைய வாக்கியத்தையே இன்று என் பேச்சின் பொருளாக எடுத்துக்கொள்ளுகிறேன்.

மகான் ஒருவர் வந்துதான் மக்களின் விதியை மாற்ற வேண்டுமா? இவ்வினா அறிஞர் உலகிலும் பழைய வினாவே. உலக சரித்திரம் என்பது பெரியோரின் சரித்திரமே என்று 1840 ஆம் ஆண்டு இலண்டனில் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார் கார்லைல். அவருக்குப் பின் வந்த ஸ்பென்சர், அப்பெரியோரையே அவருடைய சமுதாயம் அல்லவா உருவாக்குகிறது என்று மறுத்தார். நெப்போலியனின் படையெடுப்பைப் பொருளாகக் கொண்டு மாபெரும் நாவல் எழுதிய டோல்ஸ்டோய், அரசரும் தளபதியும் நிகழ்ச்சிகளை நடத்துவதாக நினைத்துக்கொள்ளுகிறார்களேயன்றி நடத்துவதில்லை என்றார். ரஷ்ய மார்க்சியவாதி பிளெக்கானவ் 1898 ஆம் ஆண்டு இவ்விரு பக்கங்களுக்கும் நடுவே ஒரு தீர்வு காண முயன்றார். இவர்களைப் பற்றி இவ்வளவு போதும். நீதிமன்றத்திலே கொள்கையைக் கொண்டு வழக்கை முடிப்பதில்லை. சாட்சியத்தைக் கொண்டுதான் முடிப்பார்கள். ஆகவே, முதியவர் காந்தியின் பெயரைச் சொன்னபடியால், காந்தி காந்தியாக ஆன இடத்துக்கே உங்களை அழைத்துச் செல்லுகிறேன்.

இந்தியாவில் பீகார் மாகாணத்தின் வடமேற்கு மூலையில், நேபாள எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் மாவட்டம் சம்பாரண். 1917 ஆம் ஆண்டில் அங்கே ஏறக்குறைய 19 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நிலத்தின் பெரும்பகுதி பெத்தியா சமஸ்தானத்துக்கு உரியது. சமஸ்தானத்திடமிருந்து கிராமம் கிராமமாகக் குத்தகை எடுத்திருந்தவர்கள் வெள்ளைத் துரைமார். அவர்கள் பயிரிடுவித்தது அவுரி; துணிக்கு நீலச் சாயம் ஊட்டும் செடி. "தீன்கத்தியா" என்று ஒரு முறை அங்கு வழங்கியது. ஒரு பீகா நிலத்துக்கு 20 கத்தா. அவற்றுள் 3 கத்தா நிலத்தில் குடியானவன் கட்டாயமாக அவுரி விதைக்க வேண்டும். எந்த 3 கத்தா என்பதைக் குடியானவன் தீர்மானிக்க முடியாது. நல்ல மண் எதுவோ அதைத் துரையின் ஆள் வந்து குறித்துவிட்டுப் போவான். கமம் செய்கின்ற உங்களுக்கு இதன் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

1897 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரியின் விலை வீழ்ந்தது. அப்படியானால் குடியானவனுக்கு விடுதலை அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? துரைமார் சட்டம் அறிந்தவர்கள். "அவுரி விதைக்கும் கடப்பாட்டிலிருந்து உன்னை விடுவிக்கிறோம், அதற்குப் பதிலாகக் குத்தகையைக் கூட்டித் தா" என்று ஒப்பந்தம் எழுதினர், அதற்கு "சரஹ்பேஷி" என்று பெயர். குத்தகையைக் கூட்ட முடியாத இடத்தில் ஒரே தொகையாக நட்டஈடு வாங்கினர். அதற்கு "தாவான்" என்று பெயர். நட்டம் வந்தது துரைக்கு. ஈடு செய்தவன் குடியானவன்! இவை போதாமல் சட்டத்துக்குப் புறம்பான வரிகளும் இருந்தன. துரை யானை வாங்கினால் ஒரு வரி. மோட்டார் வாங்கினால் இன்னொரு வரி.

இந்த அநியாயத்தைக் காந்தி கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1907, 1908 ஆம் ஆண்டுகளிலேயே பெத்தியாப் பகுதியில் குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்தனர். ஷேக் குலாப், சீத்தல் ராய் என்னும் இருவர் அவர்களுக்கு முன்னின்றனர். பலர் சிறை சென்றனர். அரசாங்கம் கூர்லே என்னும் அதிகாரியைக் கொண்டு விசாரணை நடத்தியது. அவருடைய அறிக்கை வெளியிடப்படவில்லை. (வெளிவராத அறிக்கைகளைப் பற்றி நான் மேலும் பேசினால் சபையிலே சிரிப்பு எழும், விட்டுவிடுகிறேன்.) கிளர்ச்சி அடங்கியது, கோபம் அடங்கவில்லை. இதெல்லாம் நடந்தபோது காந்தி தென்னாபிரிக்காவில் இருந்தார். அவர் சம்பாரணுக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போராட்டம் இருந்தது, தலைவர்கள் இருந்தார்கள், தியாகமும் இருந்தது.

அப்படியானால் அவர் எவ்வாறு வந்தார்? 1916 டிசம்பரில் இலக்னோ நகரில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அங்கே சம்பாரணிலிருந்து ராஜ்குமார் சுக்லா என்னும் கமக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவர் பரம ஏழை அல்லர். ஓரளவு நிலமும் கொடுக்கல் வாங்கலும் உடையவர். பெரிய படிப்பு இல்லை. துரைமாரின் கொடுமையை நேரே அனுபவித்தவர். அவர் காந்தியைக் கண்டு, சம்பாரணுக்கு வர வேண்டும் என்றார். காந்திக்குச் சம்பாரண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது; அவுரிச் செடியையும் அவர் அதுவரை கண்டதில்லை. கண்ணால் காணாத ஒன்றைப் பற்றித் தாம் தீர்மானம் கொண்டுவர முடியாது என்று மறுத்துவிட்டார். பிரஜகிஷோர் பிரசாத் என்னும் பீகார் வக்கீல் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தார், நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறியதும் மகாநாட்டுக்கு வந்தவர்கள் வழக்கம்போல வீடு திரும்பினார்கள்.

சுக்லா மட்டும் திரும்பவில்லை. இலக்னோவிலிருந்து காந்தி கான்பூர் சென்றார்; சுக்லா அங்கே நின்றார். ஆமதாபாத் ஆசிரமத்துக்குச் சென்றார். அங்கும் சுக்லா வந்தார், நாள் குறித்துத் தாருங்கள் என்றார். கல்கத்தாவுக்குத் தாம் வரும் காலத்தைச் சொல்லி, அங்கு வந்து அழைத்துச் செல்லுங்கள் என்றார் காந்தி. 1917 ஏப்ரலில் கல்கத்தாவில் காந்தி தங்கவேண்டிய வீட்டுக்கு அவர் வந்து சேருமுன்பே சுக்லா வந்து குந்தியிருந்தார்! சபையோரே, இந்த மனிதருடைய பிடிவாதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சங்கமில்லை, பதவியில்லை, செலவுக்கு எவரும் பணம் கொடுக்கவில்லை. ஒரு பெரிய மனிதரின் நாட்குறிப்பில் தம் ஊருக்கு ஒரு நாளைப் பெறும்வரை அவர் ஓயவில்லை. முதியவரே, காந்தி அங்கே "பிறந்து வரவில்லை". ஒரு கமக்காரர் போய் இழுத்து வந்தார்.

ஏப்ரல் 10 ஆம் திகதி இருவரும் பாட்னாவில் இறங்கினர். சுக்லா அவரை இராஜேந்திர பிரசாத் என்னும் வக்கீலின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் இந்தியக் குடியரசின் முதல் ஜனாதிபதியாக வந்தவர் அவரே. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வேலைக்காரருக்கு வந்தவர் யார், என்ன சாதி என்று தெரியாது. கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. உள்ளிருந்த மலசலகூடத்தைப் பயன்படுத்தவும் விடவில்லை. இதனைக் காந்தி பிற்காலத்தில் எவ்வித மனக்கசப்புமின்றி எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்க் கிணறுகளின் கதையும் உங்களுக்குத் தெரியும். இது பீகாரில் மாத்திரம் நடந்த காரியம் என்று யாரும் புன்னகை செய்ய வேண்டாம்.

அதன்பின் முசாபர்பூர், அதன்பின் சம்பாரணின் தலைநகரான மோத்திஹாரி. ஏப்ரல் 16 ஆம் திகதி, அடிபட்ட குடியானவன் ஒருவனைப் பார்க்க யானைமீதேறிப் புறப்பட்டார். வழியிலேயே, குற்றவியல் நடவடிக்கைச் சட்டம் 144 ஆம் பிரிவின் கீழ், அடுத்த வண்டியில் மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு கட்டளை சார்வு செய்யப்பட்டது. போக மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். 18 ஆம் திகதி நீதிமன்றத்துக்கு வரும்படி அழைப்பாணை வந்தது.

இவ்விடத்தில்தான் ஒரு சட்டத்தரணியாகிய எனக்கு வெட்கம் உண்டாகிறது. அன்று அவர் என்னிடம் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? 144 ஆம் பிரிவு கலகத்தையும் ஆபத்தையும் தடுப்பதற்கென்று ஏற்பட்டது. விபரம் திரட்ட வந்த ஒருவரை வெளியேற்ற அதனைப் பயன்படுத்தியது செல்லாது என்று வாதித்திருப்பேன். நல்ல வாதம், ஒருவேளை வென்றுமிருப்பேன். கட்டளைக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று மாகாண அரசாங்கமே பின்னர் கருதியது. ஆனால் அந்த வெற்றியால் ஆகியிருக்கக்கூடியது என்ன? வழக்கேட்டில் ஒரு தீர்ப்பு, வக்கீலுக்குக் கட்டணம், குடியானவனுக்கு அடுத்த நாள் காலையிலும் அதே 3 கத்தா.

காந்தியும் சட்டம் படித்தவர்தாம். அவர் எழுந்து நின்று, கட்டளையை மீறினேன், குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறேன் என்றார். சட்டத்துக்கு அடங்குவதா, மனச்சாட்சிக்கும் தம்மை அழைத்த குடியானவர்களுக்கும் அடங்குவதா என்ற முரண்பாட்டை ஒரு சிறு வாக்குமூலத்தில் வாசித்தார். அரசாங்க வக்கீல் தவணை கேட்கத் தயாராக வந்திருந்தார். நீதவானுக்கு என்ன செய்வதென்று தோன்றவில்லை. தீர்ப்பை ஒத்திவைத்து, பிணை கட்டுவீரா என்று கேட்டார். கட்ட மாட்டேன் என்றார் எதிரி. பிணையின்றியே விட்டார் நீதவான். தண்டனை பெற அவர் மீண்டும் நீதிமன்றம் செல்லுமுன்பே, லெப்டினென்ட் கவர்னரின் கட்டளைப்படி வழக்கு மீளப்பெறப்பட்டது. நீதிமன்றத்துக்கு வெளியே அன்று திரண்டு நின்ற ஆயிரக்கணக்கானோர், சிறையை ஒருவர் கேட்டு வாங்க நிற்பதையும் சர்க்கார் கொடுக்கத் தயங்குவதையும் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களைக் கட்டியிருந்த கயிறு பயம். அது அன்று அறுந்தது.

இது பெரியவர் ஒருவருடைய செயலே. இதனை நான் மறுக்க வரவில்லை. அன்று அந்தக் கூண்டில் நின்றவர் வேறொருவராயிருந்தால் பெரும்பாலும் வழக்கறிஞரின் வாதமே நடந்திருக்கும். ஆனால், அதற்கு முதல்நாள் இரவு நடந்த சிறிய சம்பவம் ஒன்று அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தரணீதர் பிரசாத், ராம்நவமி பிரசாத் என்னும் இரு வக்கீல்கள் மொழிபெயர்ப்பாளராகக் காந்தியுடன் வந்திருந்தனர். "நான் சிறை சென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார். அவர்கள் உண்மையை மறைக்கவில்லை: மொழிபெயர்க்கவே வந்தோம், நீங்கள் சிறை சென்றபின் எங்களுக்கு இங்கே வேலையில்லை, வீடு திரும்புவோம் என்றார்கள். காந்தி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர்களுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. எங்கிருந்தோ வந்த இந்த மனிதர் எங்கள் குடியானவருக்காகச் சிறை செல்லுகிறார். இம்மாகாணத்தின் வக்கீல்களாகிய நாங்கள், அவர்களுடைய வழக்குகளால் வாழ்ந்த நாங்கள், வீட்டுக்குப் போவதா? மறுநாட் காலை நீதிமன்றம் செல்லும் வழியில், நாங்களும் சிறை வருகிறோம் என்று சொன்னார்கள். காந்தி பெருமகிழ்ச்சி அடைந்தார். வழக்கு அப்போது இன்னும் கூப்பிடப்படவேயில்லை.

இந்தச் சபையிலே அமர்ந்திருக்கும் என் சகோதரச் சட்டத்தரணிகளும், வைத்தியர்களும், பொறியியலாளர்களும், கந்தோர் உத்தியோகத்தர்களும் இதனைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தப் பீகார் வக்கீல்கள் கெட்டவர்கள் அல்லர். ஏழைக் குடியானவரின் வழக்கைப் பேசி வந்தவர்கள். ஆனால் அவர்கள் வாங்கிய கட்டணத் தொகையைக் கேட்டுக் காந்தி திகைத்துப் போனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சமையற்காரன், தனித்தனி அடுப்பு; இராச் சாப்பாடு நடுச்சாமத்தில். நீங்கள் சட்டம் பேச வேண்டாம். எழுத்தர் வேலையும் மொழிபெயர்ப்பு வேலையும் செய்யுங்கள் என்றார் அவர். செய்தார்கள். சிறிது காலத்தில் அடுப்பும் ஒன்றாயிற்று. இராஜேந்திர பிரசாத்தும், பிரஜகிஷோரும், அனுக்கிரக நாராயண சிங்கரும் பாயில் அமர்ந்து, காலை முதல் மாலை வரை குடியானவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். 8,000 அளவிலான வாக்குமூலங்கள்! அவையும் அழுது சொன்னதையெல்லாம் அப்படியே எழுதியவை அல்ல. ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்தார்கள்; சோதனைக்கு நிற்காத கூற்றுக்களைத் தள்ளினார்கள். இரகசியப் பொலிசார் அருகில் இருந்து கேட்க விரும்பினர்; காந்தி அவர்களுக்கு இடங்கொடுக்கச் சொன்னார். பத்திரிகைகளில் பரபரப்பு வேண்டாம் என்றார். காங்கிரசின் பெயரையும் எடுக்க வேண்டாம் என்றார். சம்பாரண் குடியானவரிடம் ஒரு சதமும் வசூலிக்கவில்லை. முழு வேலைக்கும் 3,000 ரூபாவுக்கு மேல் செலவாகவில்லை என்பது அவர் தரும் கணக்கு.

அந்தக் காகிதக் கட்டுக்கள்தாம் அரசாங்கத்தை அசைத்தன. 1917 ஜூன் மாதத்தில் விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. ஸ்லை என்பவர் தலைவர். காந்தி ஓர் அங்கத்தவர். ஒக்டோபரில் அறிக்கை வந்தது. தீன்கத்தியா ஒழிய வேண்டும் என்றது. தாவானாக வாங்கியதில் 25 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கவும், கூட்டிய குத்தகையில் ஒரு பகுதியைக் குறைக்கவும் முடிவாயிற்று. 1918 இல் சட்டம் நிறைவேறியது. 25 சதவீதந்தானா என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. துரை கையை நீட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதை ஊர் பார்த்தால் போதும், தொகை பெரிதல்ல என்பது காந்தியின் கணிப்பு. அது சரியான கணிப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் மிகுதி 75 சதவீதத்தை இழந்தவன் அப்படி நினைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது.

இனி, மகான்களைப் பற்றி நூல் எழுதுவோர் விரைந்து கடந்துவிடும் பகுதிக்கு வருகிறேன். சட்டம் மட்டும் போதாது, கல்வியும் சுகாதாரமும் வேண்டும் என்று காந்தி சில கிராமங்களில் பள்ளிகளைத் தொடங்கினார். கஸ்தூரிபாய் அம்மையாரும், குஜராத், மராட்டியப் பகுதிகளிலிருந்து வந்த தொண்டர்களும் அங்கே உழைத்தனர். பெண்கள் ஏன் அழுக்குச் சேலையோடு இருக்கிறார்கள் என்று கேட்கச் சென்ற அம்மையாரிடம், உடுத்தியிருக்கும் இந்த ஒன்றைத் தவிர வேறில்லை, எதை உடுத்திக்கொண்டு இதைத் தோய்ப்பது என்று ஒரு பெண் கேட்ட இடம் அதுதான். ஆனால் 1918 இல் ஆமதாபாத் ஆலைத் தொழிலாளரும் கேடா விவசாயிகளும் காந்தியை அழைத்தனர். அவர் போனார். வெளியிலிருந்து வந்த தொண்டர்கள் தவணை முடிந்து திரும்பினர். அவர்களுடைய இடத்தை எடுக்க உள்ளூரில் ஆளில்லை. தாம் நினைத்தபடி அவ்வேலை நிலைக்கவில்லை என்று காந்தியே வருந்தியிருக்கிறார். நிலமே இல்லாத கூலிகளுடைய வாழ்வை அந்தச் சட்டம் தொடவேயில்லை. பெரியவர் நின்ற வரைக்கும் நின்றவை எவை, அவர் போன பின்னும் நின்றவை எவை என்று பிரித்துப் பாருங்கள். பயம் போனது நிலைத்தது. அது குடியானவனுடைய நெஞ்சில் நடந்த மாற்றம். சட்டம் நிலைத்தது, 8,000 பேரின் சொல்லில் எழுந்தது அது. பள்ளிக்கூடம் சோர்ந்தது, அதை வந்தவர்கள் நடத்தினார்கள்.

எங்கள் நாட்டிலும் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. 1927 நவம்பரில் காந்தி இலங்கை வந்தார், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அவரை இங்கு வரவழைக்க உழைத்தவர்கள் மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள். அவர்களும் ஒரு வகையில் சுக்லாவின் வேலையையே செய்தார்கள். 1931 இல் அதே இளைஞர் காங்கிரஸ் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அது சரியா பிழையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இன்றைக்கு அதில் நான் இறங்கப் போவதில்லை. 1961 பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது முன்னின்றவர் தந்தை செல்வா. மெலிந்த உடலும் தாழ்ந்த குரலும் உடையவர். அந்த வாசலில் இரவு பகலாக இருந்தவர்கள், சோற்றுப் பொட்டலம் கட்டி அனுப்பிய தாய்மார், சைக்கிளில் செய்தி கொண்டோடிய பொடியன்கள், இவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஏப்ரலில் இராணுவம் வந்து கலைக்கும் வரை நாட்கணக்காக அவ்வாசலை அடைத்து நின்றது ஒருவருடைய உடல் அன்று. ஆயினும் நாங்கள் ஒவ்வோராண்டும் மாலை போடுவது ஒரு படத்துக்குத்தான். மாலை போடுவதில் பிழையில்லை. போட்டபின் கைகட்டி நின்று, அடுத்த படத்துக்குரியவர் எப்போது வருவார் என்று வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. அரசியலில் இருபது ஆண்டு அலைந்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: இந்தக் காத்திருப்பு எங்களைப் போன்ற மேடைப் பேச்சாளருக்கு மிகவும் வசதியானது. காத்திருப்பவர்களிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அவர்களும் எங்களிடம் கேட்பதில்லை.

சுக்லா 1929 இல் காலமானார். அவர் அழைத்துச் சென்ற வக்கீல் வீட்டுக்காரர் ஜனாதிபதியானதை அவர் காணவில்லை. அவர் அழைத்து வந்த மனிதரைத் தேசபிதா என்று நாடு கொண்டாடியதையும் காணவில்லை.

முன்வரிசையில் இருக்கும் ஐயாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவருடைய 3 ஏக்கருக்கு அடுத்த காணிக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள் என்று தலைவர் சொன்னார். ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியே மனு எழுதி, தனித்தனியே மறுமொழி வராமல் இருந்திருக்கிறார்கள். ஆகையால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி தொடக்கம் நானும் இளம் சட்டத்தரணிகள் இருவரும் இதே வாசிகசாலையில் மேசை போட்டு இருப்போம். கட்டணம் இல்லை. ஒவ்வொருவருடைய வாக்குமூலத்தையும் எழுதுவோம். குறுக்குக் கேள்வியும் கேட்போம், அதற்காகக் கோபிக்கக் கூடாது. இந்த ஊர் ஆசிரியர்கள் நாலு பேர் எழுத்து வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் தேவை. உறுதி, அனுமதிப் பத்திரம் இருப்பவர்கள் மூலப் பிரதியைக் கொண்டு வாருங்கள். இடப்பெயர்விலே உறுதியைத் தொலைத்தவர்கள் பழைய பற்றுச்சீட்டு எதுவாயினும் தேடிக் கொண்டு வாருங்கள். அதுவும் இல்லாதவர்கள், உங்கள் எல்லையை அறிந்த அயலவர் ஒருவரைக் கையோடு கூட்டி வாருங்கள்.